சேலத்தில் வீடு, ஏற்காட்டில் தோட்டம், நடுவில் ஒரு நாய்

கேள்வி இதுதான்: சேலம் அஸ்தம்பட்டி பக்கம் சொந்த வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள். பையன் எட்டாம் வகுப்பு, நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாக அடம். மனைவிக்கு அரை மனது. அம்மாவுக்கு நாய் என்றாலே பயம். ஏற்காட்டில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது, வாரக் கடைசியில் போய் வருகிறீர்கள். நாய் வளர்ப்பதில் சந்தோஷம் அதிகமா தொல்லை அதிகமா, எந்த ஜாதி வாங்கலாம், வீட்டில் சரிவராவிட்டால் தோட்டத்தில் காவலுக்கு விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் பார்த்தது மாடும் ஆடும்தான் அதிகம். ஆனால் என் வீட்டில் எப்போதும் ஒரு நாய் உண்டு, நாய் வளர்க்கும் வீடுகளோடு பழக்கமும் இன்றுவரை விட்டுப்போகவில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. 'சரிவராவிட்டால் தோட்டத்தில் விட்டுவிடலாம்' என்ற எண்ணம் மனதில் இருக்கும்வரை நாய் வாங்காதீர்கள். நாய்க்குப் பட்டா கிடையாது. பணம் கொடுத்தவர் பெயரில் அது பதிவாவதில்லை. வேளாவேளைக்குச் சோறு வைப்பவர், கூட நடப்பவர், ராத்திரி முனகினால் எழுந்து பார்ப்பவர் யாரோ, அவருடைய நாய் அது. ஏற்காட்டுப் பக்கம் தோட்டங்களில் இப்படிக் கொண்டுவந்து விடப்பட்ட நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சேலத்தில் ஒரு வயதுவரை ஹாலில் படுத்திருந்த லாப்ரடார், திடீரென்று காவல்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் நாலடிச் சங்கிலியில் கிடக்கும். கொஞ்ச நாள் முதலாளியின் கார் சத்தம் கேட்டாலே ஊளையிடும். அப்புறம் அதுவும் நின்றுவிடும். காவல்காரர் மனைவியைப் பார்த்தால் வாலாட்டும், வாரம் ஒருமுறை பிஸ்கட்டோடு வருகிற முதலாளியைப் பார்த்துக் குரைக்கும். நாயின் பக்கம்தான் நியாயம்.

அது மட்டுமில்லை. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் சிறுத்தை நடமாட்டம் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. சிறுத்தைக்கு நாய் மிகவும் பிடித்த இரை. ராத்திரி வெளியே கட்டிக்கிடக்கும் நாயால் ஓடவும் முடியாது. காவலுக்கு என்று விடுகிறோம், அதைக் காவல் காக்க ஆள் இல்லை.

சரி, சந்தோஷமா தொல்லையா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒரே வேலையிலிருந்துதான் வருகின்றன. காலை ஐந்தரைக்கு எழுந்து நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது மழைக்காலத்தில் பெரிய தொல்லை. ஆனால் அந்த நடையில்தான் நாய் உங்களோடு ஒட்டுகிறது, நீங்களும் தெருவோடு ஒட்டுகிறீர்கள். பல வருடம் குடியிருந்தும் அடுத்த தெருக்காரரைத் தெரியாதவர்கள்கூட, நாய் வந்த சில மாதத்தில் கோரிமேடு வரை ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பார்கள். பெயர் தெரியாது, 'டாமி வீட்டுக்காரர்', 'ஜிம்மி அம்மா' என்றுதான் தெரியும். டாக்டர் சொல்லியும் சர்க்கரைக்காக நடக்காத மனிதர், நாய் கயிற்றைக் கவ்விக்கொண்டு வாசலில் நின்றால் செருப்பை மாட்டுவார்.

வீட்டுக்குள் நடக்கிற வேடிக்கை தனி. கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்ட நாட்களில் முதல் வார்த்தை நாய் வழியாகத்தான் போகும். "மணி, வண்டிச் சாவி எங்கேன்னு அவங்ககிட்ட கேளு" என்பார் இவர். மணி இவரையும் பார்க்கும், அவரையும் பார்க்கும். இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். பையனுக்கு வேறொரு லாபம் உண்டு. தனக்குப் பசித்தாலும் முதலில் அதற்கு வைக்கணும் என்பது யாரும் சொல்லாமலே படிந்துவிடுகிறது. செல்போனைக் கீழே வைக்கச் சொல்லி நீங்கள் கத்தத் தேவையில்லை, பந்தைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பையனுக்கு இப்போது பதிமூன்று. நாய் சராசரியாகப் பத்திலிருந்து பதிமூன்று வருடம் இருக்கும், சிறிய இனங்கள் இன்னும் கூட. பையன் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதி, கோயம்புத்தூரோ சென்னையோ ஹாஸ்டலுக்குப் போகும்போது நாய்க்கு ஐந்து வயதுதான் ஆகியிருக்கும். மிச்சமுள்ள ஐந்திலிருந்து எட்டு வருடம் அது உங்கள் இருவருடையது. பகலில் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர் தலையில்தான் அதன் வேலை முக்கால்வாசி விழும், ஆசைப்பட்டவர் தலையில் அல்ல. அதனால் உங்கள் வீட்டில் நான் மதிக்கிற ஓட்டு உங்கள் மனைவியுடையது. அவருடைய அரை மனது முழு மனதாகிற வரை காத்திருங்கள். அதற்கு வழி சமாதானப் பேச்சு இல்லை. காலை நடை உங்களுடையது, மலம் அள்ளுவது பையனுடையது, ஊசிக்குக் கூட்டிப்போவது உங்களுடையது என்று பிரித்து, நாய் வருவதற்கு முன்னாலேயே ஒரு மாதம் ஐந்தரைக்கு எழுந்து நீங்கள் மட்டும் நடந்து காட்டுங்கள். அதைச் செய்ய முடியாதவர் நாய் வந்த பிறகும் செய்யப்போவதில்லை.

எந்த ஜாதி என்பதைச் சேலத்து வெயில்தான் முடிவு செய்யணும். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தொடுகிறது. சைபீரியன் ஹஸ்கிக்கு உடம்பில் இரண்டடுக்கு முடி. அதை இங்கே வளர்ப்பது கம்பளி போர்த்திய குழந்தையைக் கத்திரி வெயிலில் நிறுத்துவது போல. ஏசி போட்டு வளர்க்கிறோம் என்பார்கள். கரண்ட் போனால்? முடியை மழித்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அந்த முடி வெயிலையும் தடுக்கிறது என்பதால் மழிப்பதும் தீர்வு இல்லை. பக் மாதிரி மூக்கு நசுங்கிய ஜாதிகளுக்கு மூச்சுப் பாதையே குறுகல், அவை மூச்சிரைத்தாலும் சூடு சரியாக வெளியேறாது. விளம்பரத்தில் அழகாக இருக்கும். மே மாத மதியத்தில் அந்தக் குறட்டைச் சத்தம் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கும்.

லாப்ரடார் நல்ல குணம், குழந்தைகளோடு சேரும், ஆனால் சோற்றுக்கு எல்லையே கிடையாது. சேலத்தில் நான் பார்க்கிற லாப்ரடார்களில் பாதிக்கு மேல் குண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறு அதற்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் பரம்பரையாக வரக்கூடியது, குண்டானால் நடையே போய்விடும். பொமரேனியன் என்று இங்கே விற்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். கெட்டிக்கார நாய், வெயிலுக்கு ஓரளவு பழகியது, ஆனால் குரைத்துக் குரைத்தே தெருவைப் பகைத்துக்கொள்ளும்.

நம் ஊர் ஜாதிகளில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கு பெயர் எல்லோருக்கும் தெரியும். ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வந்தது. பெருமைக்காக வாங்குபவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதுதான் எனக்குக் கவலை. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பழக்கிய வேட்டை நாய்கள். நன்றாகத் தின்றாலும் விலா எலும்பு லேசாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் "சோறு போடறதில்லையா?" என்று கேட்பார், கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் அதற்கு ஓட இடம் வேண்டும். கண்ணில் கோழியோ பூனையோ பட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ராஜபாளையம் ஒருவரிடம்தான் முழுமையாக ஒட்டும், வருவோர் போவோர் அதிகமான வீட்டுக்கு ஒத்துவராது. சுத்த வெள்ளைக் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருக்கும். வாங்குமுன் அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். கோம்பை தேனி மாவட்டத்து நாய், காவலுக்குக் கெட்டி, முதல் முறை நாய் வளர்ப்பவர் கைக்கு அடங்குவது கஷ்டம்.

என்னைக் கேட்டால் உங்களுக்குச் சாதாரண நாட்டு நாய்க் குட்டி போதும். தெரு நாய் என்று முகம் சுளிக்காதீர்கள். நம் வெயிலுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடம்பு, தோல் வியாதி குறைவு, புத்தி அதிகம், விலை கிடையாது. அதிலும் பெண் குட்டியாக எடுத்து, கருத்தடை செய்து வளர்த்தால் அடக்கமாக, வீட்டோடு இருக்கும். தெருவில் பெண் குட்டியை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதால் உங்களுக்குத் தேர்ந்தெடுக்கவும் நிறையக் கிடைக்கும்.

வெயில் பேச்சு முடியவில்லை. வெயில் காலத்தில் காலை ஏழுக்குள், சாயங்காலம் ஆறரைக்கு மேல் மட்டும் நடை. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது. நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 106-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. விடாமல் இரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பான ஈறு, தள்ளாட்டம் இதெல்லாம் தெரிந்தால் நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைய ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம் போங்கள். வழியெல்லாம் நனைத்துக்கொண்டே போகணும்.

மலைக்கு வருவோம். நீங்கள் வாரம் ஒருமுறை போகிறவர்கள், நாயும் கூட வரும், வரணும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். நாய்க்கு அது சொர்க்கம். ஆனால் போகிற வழியில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. குட்டி நாய்க்கு உடம்பின் சமநிலையைப் பார்க்கும் உள்காது முழுசாக முதிராததால் பயண வாந்தி சகஜம். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னாலிருந்தே வயிற்றைக் காலியாக வையுங்கள். முதலில் அடிவாரம் வரை கூட்டிப் போய்த் திரும்புங்கள், அப்புறம் பாதி மலை, அப்புறம் முழுசாக. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் வாந்தி நின்றுவிடும். வண்டியில் பெல்ட்டோ கூண்டோ கட்டாயம். ஜன்னலில் தலை நீட்டி வரும் நாய் பார்க்க அழகு, வளைவில் எதிரே பஸ் வந்து நீங்கள் பிரேக் போடும்போது அழகாக இருக்காது.

தோட்டத்தில் முதல் கவலை காட்டெருமை. ஏற்காட்டில் அது தோட்டத்துக்குள் சர்வசாதாரணமாக வரும். தனியாக இருக்கும் வளர்ந்த கடா ஒரு டன் எடையை நெருங்கும். கயிறு இல்லாத நாய் அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே கிட்டப் போகும். அது திரும்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடிவரும்? உங்களிடம்தான். நாய்க்குக் கால் நாலு, தப்பித்துவிடும். உங்கள் நிலைமையை யோசியுங்கள். அதனால் தோட்டத்துக்குள் நடக்கும்போது நீளமான கயிறு இல்லாமல் விடாதீர்கள், பொழுது சாய்ந்தபின் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். காட்டுப் பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக வைக்கும் சுருக்குக் கம்பியிலும், தீனிக்குள் வெடி மறைத்து வைக்கும் அவுட்டுக்காயிலும் சிக்கும் நாய்கள் உண்டு. சட்டப்படி குற்றம்தான், ஆனால் புதருக்குள் போகிற நாய்க்குச் சட்டம் தெரியாது. தோட்டத்து ஆட்களிடம் எந்தப் பக்கம் போகக் கூடாது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பியே நாய்க்கு விஷம் என்பது தோட்டக்காரர்கள் பலருக்கும் தெரிவதில்லை. காப்பியில் உள்ள காஃபீனை அதன் உடம்பு நம்மைப் போலக் கழிக்காது. காயப்போட்ட கொட்டையையோ வடிகட்டிய காப்பித் தூளையோ வயிறு நிறையத் தின்றுவிட்டால் வாந்தி, படபடப்பு, உதறல், வலிப்பு வரை போகும். களத்தில் காப்பி காயும்போது குட்டியை அவிழ்த்து விடாதீர்கள். எலி மருந்து, பூச்சி மருந்து டப்பா எல்லாம் பூட்டிய அறையில் இருக்கட்டும்.

உண்ணியைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், சேலத்தில் நாயைப் படுத்துகிற பெரிய எதிரி அதுதான். தோட்டத்துப் புல்லில் ஏறும், தெரு நாயிடமிருந்து ஏறும், மாடு கட்டும் இடத்திலும் ஏறும். நாயின் மேல் பத்து உண்ணி தெரிந்தால் சுவர் விரிசலிலும் கட்டிலடியிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்று அர்த்தம். நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்க்கு வெளியேதான் கழிக்கும். ரத்தம் குடித்து ஊதிப்போன ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும், மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டினால் உண்ணி போகாததற்குக் காரணம் இதுதான். வீட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யணும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் குத்துமதிப்பாகக் கலந்து நாய் மேல் ஊற்றுவதை இன்றும் பார்க்கிறேன். நாய் தன்னையே நக்கும், நேராக வயிற்றுக்குப் போகும். நாய்க்கென்றே மாத்திரையும் முதுகில் விடும் சொட்டு மருந்தும் இருக்கின்றன, எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

உண்ணி கடித்து வரும் காய்ச்சலை எல்லோரும் டிக் ஃபீவர் என்கிறார்கள். எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகள் இங்கே அதிகம். நேற்றுவரை தட்டை நக்கிய நாய் இன்று சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தால் அன்றைக்கே கவனியுங்கள். ஈறு வெளுத்திருக்கிறதா, மூக்கில் ரத்தமா, ஒன்றுக்குப் போவது காப்பி நிறத்திலா என்று பாருங்கள். ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை சுமார் நான்கு வாரம் தொடரணும். மூன்றாம் நாள் வாலாட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவார்கள், அப்புறம் ஒரு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தலைவாசலிலும் கால்நடைக் கல்லூரி வந்துவிட்டது. இந்த விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்.

உங்கள் அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அதைக் கேலி செய்யாதீர்கள். அவர் தலைமுறையில் வெறிநாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி ஊசி, அக்கம்பக்கத்தில் ஒரு சாவு. வெறிநோய் வந்துவிட்டால் இன்றைக்கும் பிழைப்பது அநேகமாகக் கிடையாது, தடுப்பது மட்டும் சுலபம். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, டாக்டர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு வருடா வருடம். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், அன்று பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுவார்கள். இது தவிர, ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய தொற்று நோய்களுக்கான கூட்டு ஊசி. அந்த வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். ரத்தபேதியாகக் கொட்டவைக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், குட்டிகள் இரண்டு மூன்று நாளில் போய்விடும். உங்களுடையது புது வீடு, முன்பு நாய் செத்த இடம் இல்லை என்பது ஒரு நிம்மதி. வயிற்றுப் புழுவுக்கான மருந்தும் ஒழுங்காகக் கொடுக்கணும், அது குழந்தைகளுக்கும் பரவுகிற புழு.

ஊசி போட்ட நம் வீட்டுக் குட்டியே விளையாட்டில் பல் பதித்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். இப்போது கையில்தான் போடுகிறார்கள், தொப்புளில் இல்லை. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க விடாதீர்கள். இதை அம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் ஏறும். முதல் ஊசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். குட்டி மேலே தாவாமல் உட்காரப் பழக்குவதுதான் முதல் பாடமாக இருக்கட்டும். நாய் மேலே தாவினால் வயதானவர்கள் விழுந்துவிடக்கூடும்.

சாப்பாட்டில் தயிர்சாதமும் பால் பிஸ்கட்டும் மட்டும் கொடுத்து வளர்ப்பது சேலத்து வழக்கம். வயிறு நிறையும், சதை வைக்காது. சோற்றோடு வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் காய் என்று கலந்து கொடுங்கள், உப்பும் மசாலாவும் வேண்டாம். நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது முட்டைக்கு என்ன பஞ்சம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு கூடாது, வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை, நமக்கு வாங்கி வைத்திருக்கும் காய்ச்சல், வலி மாத்திரைகள் எல்லாம் அதற்கு ஆகாது. அடிவாரத்துக் காட்டுப் பக்கம் பச்சை மரவள்ளிக் கிழங்கையும் தழையையும் கடிக்க விடாதீர்கள், அதில் சயனைடு இருக்கிறது. சேலத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது மாங்கொட்டை. மல்கோவா சீசனில் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துச் சப்பும், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், குடலில் அடைத்தால் ஆபரேஷன்தான். வாந்தியும் மலம் வராமையும் சேர்ந்து மாம்பழக் காலத்தில் வந்தால் டாக்டரிடம் கொட்டையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் குரைப்பில் ஆரம்பிப்பதில்லை, கோலத்தில் ஆரம்பிக்கும். விடியற்காலையில் குனிந்து போட்ட கோலத்தின் மேல் உங்கள் நாய் காலைத் தூக்கினால் யாருக்கும் கோபம் வரும். பழைய பேப்பரும் ஒரு கவரும் பையில் இல்லாமல் வாசல் தாண்டாதீர்கள். மாநகராட்சியில் நாயைப் பதிவு செய்ய வேண்டியதைப் பற்றி அஸ்தம்பட்டி மண்டல அலுவலகத்தில் கேளுங்கள், ஊசி அட்டை கேட்பார்கள். உங்கள் நாய் அலட்சியத்தால் ஒருவரைக் கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கேட்டைத் தாழ் போடுவது அதைவிட மலிவு.

பெண் நாய் வருடத்தில் இரண்டு முறை பருவத்துக்கு வரும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரம். அந்த நாட்களில் உங்கள் கேட் முன்னால் தெருவே கூடியிருக்கும். கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கலவரம் இல்லை, வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இல்லை. 'ஒரு தடவையாவது குட்டி போடட்டும், பாவம்' என்பவர்களிடம் எட்டுக் குட்டிகளில் நான்கை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

செலவுக்கு நடுத்தர நாய் ஒன்றுக்குச் சாப்பாடு, மருந்து சேர்த்து மாதம் 3,000 முதல் 5,000 ரூபாய் ஒதுக்குங்கள். நோய்க்கென்று தனியாகக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். வெளியூர்க் கல்யாணம், திருப்பதி என்று குடும்பமே கிளம்பும் நாட்களில் அதை யார் பார்ப்பார்கள் என்று இப்போதே ஒருவரைப் பேசி வைக்கணும். சொந்தக்காரர்கள் "நாங்க இருக்கோம்" என்பார்கள், முகூர்த்த நாளில் அவர்களும் அதே கல்யாணத்துக்குத்தான் போவார்கள். நாயில்லாத குடும்பங்களுக்குப் புரியாத கஷ்டம் இது.

எப்போது எடுப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். கோடையில் வேண்டாம். ஆடியும் வேண்டாம், கோட்டை மாரியம்மன் பண்டிகையில் மேளமும் வேட்டுமாக ஊரே அதிரும். தீபாவளியும் முடியட்டும். வெடிச் சத்தத்தில் ஒருமுறை மிரண்ட குட்டிக்கு அந்தப் பயம் ஆயுசுக்கும் தங்கிவிடலாம். தீபாவளி முடிந்த பிறகு, பிறந்து எட்டு வாரம் நிரம்பிய குட்டியாக எடுங்கள். அதற்கும் இளசாக இருந்தால் தாயிடமே விட்டுவைக்கணும். வளர்ப்பவர்கள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதியே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கினால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடமும், கூண்டு வண்டியில் குட்டிகளை அடைத்து வைத்து விற்பவரிடமும் வாங்காதீர்கள். குளிர் காலத்தில் வந்த குட்டிக்குப் பங்குனி வெயிலுக்குள் ஊசி வரிசை முடிந்திருக்கும், அடிவாரம் வரைக்குமான பயணமும் பழகியிருக்கும்.

குட்டி எடுப்பதற்கு முன்னால் மே மாதம் ஏற்காடு கோடை விழா வரும், அதில் நாய்கள் கண்காட்சி வழக்கமாக நடக்கும். பையனையும் மனைவியையும் கூட்டிப் போங்கள். பரிசு வாங்கிய நாயைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் சேராமல், ஓரமாக நிழலில் நாயோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய் வெளியூர் போனால் இதை யாரிடம் விடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.